கடலடியில் களை எடுக்கும் மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளப்பாறை என்றதும் நம் கண் வண்ணங்களைத் தேடுகிறது. நீலமும் மஞ்சளும் மின்னும் மீன்கள் படம் எடுக்கப்படுகின்றன. நடுவில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு பழுப்பு மீன், நகராமல் தன் இடத்தைக் காத்துக்கொண்டு நிற்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மீன் செய்யும் வேலையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அது வேளாண்மை செய்கிறது. நிலம் பிடிக்கிறது, ஒரே பயிரை வளர்க்கிறது, களை பறிக்கிறது, காவல் காக்கிறது, விளைந்ததை உண்கிறது. அதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எந்த மீன்?

அறிவியல் பெயர் ஸ்டெகாஸ்டஸ் நிக்ரிகன்ஸ். 1802-இல் பிரெஞ்சு இயற்கையாளர் லாசெப்பேத் இதை விவரித்தார். நிக்ரிகன்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கருமை படர்வது என்று பொருள். இது டாம்செல் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. கடல் சாமந்தியின் கொடுக்குக் கரங்களுக்குள் வாழும் கோமாளி மீனும் இதே குடும்பம்தான் என்றால் பலர் வியப்படைகிறார்கள். தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. எனவே இந்தப் பக்கத்தில் தோட்டக்கார மீன் என்றே அழைக்கிறேன்.

பார்த்தால் எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். சாம்பல், பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு என்று நேரத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப மாறும். முதுகுத் துடுப்பின் பின்கோடியில், அடிப்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். நன்கு வளர்ந்த மீன் சுமார் 14 சென்டிமீட்டர் நீளம். உடல் தட்டையாகவும் உயரமாகவும் இருக்கும். கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் மூக்குத் துளையை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு துளைகள் உண்டு. டாம்செல் குடும்பத்தில் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆனால் கடலுக்குள் இதைக் காட்டிக்கொடுப்பது நடத்தைதான். ஒரு மீன் ஓரிடத்தைவிட்டு அகலாமல், வருகிற போகிற எல்லாவற்றையும் துரத்திக்கொண்டிருந்தால் அருகே போய்ப் பாருங்கள். அதன் கீழே மெத்தைபோல் பாசி படர்ந்திருக்கும்.

எங்கே வாழ்கிறது?

செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் ஒரு முனை. பசிபிக்கின் நடுவே லைன் தீவுகளும் துவாமோட்டு தீவுகளும் மறுமுனை. வடக்கே ஜப்பானின் ரியூக்யூ தீவுகள்வரை, தெற்கே நியூ கலிடோனியாவும் டோங்காவும்வரை பரவியிருக்கிறது. இவ்வளவு பரந்த கடலில் இது தேர்ந்தெடுக்கும் இடம் மிகக் குறுகியது: அலை அடங்கிய காயல், பாறைத்திட்டின் உட்புறம், ஒன்று முதல் சுமார் 12 மீட்டர் ஆழம். வெயில் நன்றாக விழ வேண்டும், ஏனென்றால் பயிருக்கு வெயில் வேண்டும்.

அதிலும் மான்கொம்புப் பவளம் புதராக வளர்ந்த இடம் என்றால் இதற்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பவளக் கிளைகளின் நுனி உயிரோடு இருக்கும், அடிப்பகுதி இறந்து வெறும் சுண்ணமாக நிற்கும். தோட்டம் அந்த இறந்த பகுதியில்தான். ஆபத்து வந்தால் ஒளிவதற்குக் கிளைகளுக்கு இடையே ஆயிரம் சந்துகள். நிலமும் வீடும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன.

தோட்டம், பயிர் என்பதெல்லாம் உவமைதானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

பாசி தின்னும் மீன்கள் கடலில் ஏராளம். ஆடு மேய்வதுபோல் அவை மேய்கின்றன. தோட்டக்கார மீன் மேய்வதில்லை. சுமார் ஒரு சதுர மீட்டர், பெரும்பாலும் அதற்கும் குறைவான ஒரு துண்டு நிலத்தை வளைத்துக்கொள்கிறது. ஜப்பானின் ஒகினாவா பகுதியில் செசோக்கோ தீவை ஒட்டிய பாறைத்திட்டில் ஹிரோகி ஹாட்டா, மகோட்டோ கட்டோ ஆகிய ஆய்வாளர்கள் இந்த நிலங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். தோட்டத்துக்குள் கிட்டத்தட்ட ஒரே ஒரு செம்பாசி இனமே படர்ந்திருந்தது. பாலிசைஃபோனியா என்ற வகையைச் சேர்ந்த, மெல்லிய நூல் போன்ற பாசி. எல்லைக்கு ஓரடி வெளியே வேறு பலவகைப் பாசிகள் கலந்து கிடந்தன. ஒரே தண்ணீர், ஒரே வெயில், ஒரே பாறை.

வேறுபாட்டுக்குக் காரணம் களையெடுப்பு. வேறு பாசி முளைவிட்டால் மீன் அதை வாயால் கவ்விப் பிடுங்குகிறது. விழுங்குவதில்லை. எல்லைவரை நீந்திப்போய் வெளியே துப்பிவிட்டுத் திரும்புகிறது. 2002-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு இதைத்தான் பதிவு செய்தது. தின்னாததைப் பறித்து, தூக்கிச் சென்று, வேலிக்கு வெளியே எறிவதற்கு நம் ஊரில் ஒரே பெயர்தான் உண்டு.

ஏன் அந்த ஒரு பாசியை மட்டும் வளர்க்கிறது?

காரணம் அதன் குடலில் இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழையை அரைக்க கடைவாய்ப் பல்லும், அசைபோட இரைப்பையும் உண்டு. கிளிமீனுக்குப் பாறையையே அரைக்கும் தாடை உண்டு. இந்தச் சிறு மீனிடம் இரண்டும் இல்லை. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியும் இல்லை. தடித்த தோலுள்ள பாசியோ சுண்ணம் ஏறிய பாசியோ உள்ளே போனாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். பாலிசைஃபோனியா மெல்லியது, மென்மையானது. இதன் வயிற்றுக்கு ஏற்றது அதுதான்.

ஆனால் மென்மையாக இருப்பது பாசிக்குக் கேடு. யாருக்கு எளிதில் செரிக்குமோ அவர்கள் எல்லோரும் தின்ன வருவார்கள். வேகமாக வளரும் வேறு பாசிகள் மேலே கவிந்து மூடவும் செய்யும். எனவே பாசிக்கு மீன் தேவைப்படுகிறது.

மீனை அப்புறப்படுத்தினால் தோட்டம் என்ன ஆகும்?

அதையும் செய்து பார்த்தார்கள். காவல் போன சில நாட்களிலேயே மற்ற மீன்கள் புகுந்து தோட்டத்தை மொட்டையாக்கிவிட்டன. பின்னர் அந்த இடத்தில் வேறு பாசிகள் குடியேறின. பழைய செம்பாசி மறைந்துபோனது.

இதைவிட முக்கியமான செய்தி 2006-இல் வந்தது. அந்தக் குறிப்பிட்ட பாலிசைஃபோனியா இனம் தோட்டக்கார மீனின் எல்லைக்கு வெளியே தானாக வளரக் காணப்படவில்லை. மீனுக்கு அந்தப் பாசி இல்லாமல் பிழைப்பில்லை, பாசிக்கு அந்த மீன் இல்லாமல் இருப்பில்லை. நம் வயலில் விளையும் மக்காச்சோளத்தை நினைத்துப் பாருங்கள். மனிதக் கை படாமல் அது ஒரு தலைமுறைகூடத் தானாகப் பெருகாது. அதே பிணைப்பு மனிதரே இல்லாத கடலடியில் உருவாகியிருக்கிறது. எறும்பும் கரையானும் காளான் வளர்ப்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். முதுகெலும்புள்ள உயிரினங்களில் மனிதரைத் தவிர இப்படிப் பயிரோடு கட்டுண்ட ஒன்றைத் தேடினால் இந்தப் பழுப்பு மீனிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லாக் கடலிலும் இதே பயிர்தானா?

இல்லை. அதே ஆய்வாளர்கள் எகிப்து, கென்யா, மொரீஷியஸ், மாலத்தீவு, தாய்லாந்து, போர்னியோ, ஒகினாவா, ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டு என்று பல இடங்களில் டாம்செல் மீன்களின் தோட்டங்களை ஒப்பிட்டு 2010-இல் எழுதினார்கள். பாலிசைஃபோனியாவின் நெருங்கிய உறவினங்கள் இடத்துக்கு இடம் மாறின. சில கடல்களில் தோட்டம் ஒற்றைப் பயிராக இருந்தது, சிலவற்றில் கலப்புப் பயிராக. அந்தந்த மண்ணுக்கு அந்தந்த நெல் என்பதுபோல.

குடும்பத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. பெரிய எல்லையைப் பிடித்துக்கொண்டு அதிகம் களையெடுக்காமல் பலவகைப் பாசிகளை வளரவிடும் டாம்செல் இனங்கள் இருக்கின்றன. அவை மேய்ச்சல் நிலக்காரர்கள். நம் மீன் சிறு நிலத்தில் தீவிரமாகப் பாடுபடும் கீரைத்தோட்டக்காரர்.

எருவும் போடுகிறதா?

இதற்கு அழகான பதில் இதன் கரீபிய உறவினரிடம் இருக்கிறது. பெலீஸ் நாட்டின் கேரி போ கே என்ற சிறு தீவருகே ஸ்டெகாஸ்டஸ் டயன்கீயஸ் என்ற இனம் வாழ்கிறது. அதன் தோட்டத்துக்கு மேலே, கூனிப்பொடியைப் போன்ற மைசிட் என்ற மிகச் சிறிய உயிர்கள் பகலெல்லாம் கூட்டமாக மிதக்கின்றன. சாதாரணமாக அத்தகைய உயிர்களைக் கண்டால் மீன்கள் விடுவதில்லை. இந்த மீன் அவற்றைத் தின்பதில்லை, தின்ன வருகிறவற்றைத் துரத்துகிறது. பதிலுக்கு மைசிட்டுகளின் கழிவு கீழே விழுந்து பாசிக்கு உரமாகிறது. மைசிட் கூட்டம் உள்ள தோட்டங்களின் மீன்கள் நல்ல உடல்நிலையில் இருந்தன. மைசிட்டுகளும் இந்த மீனின் வாசனையை நாடி வந்தன. 2020-இல் வெளியான இந்த ஆய்வு, ஒரு விலங்கு இன்னொன்றை வீட்டு விலங்காக்குவது எப்படித் தொடங்கியிருக்கும் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சான்று தருகிறது. கிடை போட்டு ஆட்டெரு சேர்த்த நம் முன்னோருக்கு இது புரிந்திருக்கும்.

இத்தனை சிறிய மீன் பெரியவற்றை எப்படி விரட்டுகிறது?

துணிச்சலாலும் ஓயாத உழைப்பாலும். பகல் முழுவதும் துரத்தல்தான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கிளிமீனையும், பாசி தின்ன வரும் சர்ஜன் மீனையும், ஓரா மீனையும் நேராகப் பாய்ந்து கடிக்கும். கடல் முள்ளெலி வந்தால் முள்ளைக் கடிக்கும் டாம்செல்களும் உண்டு. பாயும்போது சிலவற்றிடம் சொடுக்குப் போடுவது போன்ற ஒலியும் கேட்கும்.

எல்லோரையும் ஒரே தூரத்தில் துரத்துவதில்லை என்பது இன்னும் நுட்பமானது. கரீபியக் கடலில் இதன் உறவினமான ஸ்டெகாஸ்டஸ் பிளானிஃப்ரான்ஸை வைத்து 1974-இல் சோதித்தார்கள். வெவ்வேறு மீன்களைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து அருகே நகர்த்திப் பார்த்தபோது, இன்ன மீனுக்கு இன்ன தூரம் என்று அது கணக்கு வைத்திருந்தது தெரிந்தது. தன் இனத்தானை மிகத் தொலைவிலேயே தடுத்தது.

அப்படியானால் தோற்பதே இல்லையா?

தோற்கும். தனியாக வரும் சர்ஜன் மீனை விரட்டிவிடலாம். நூறு சர்ஜன் மீன்கள் மேகம்போல் வந்து இறங்கினால் ஒரு காவலாளி என்ன செய்ய முடியும்? ஒன்றைத் துரத்தும் நேரத்தில் மற்றவை தின்றுகொண்டிருக்கும். யானைக்கூட்டம் புகுந்த கரும்புக்காடுபோல் ஆகிவிடும் அந்தத் தோட்டம். இந்த இனம் அக்கம்பக்கமாகத் தோட்டம் போட்டுக் குடியிருப்பாக வாழ்வதற்கு இது ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரனும் துரத்துவான் என்றால் நம் வேலியும் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கும்.

மனிதரைக் கடிக்குமா?

கடிக்கும். நீந்துகிறவரின் விரலையும் முகக் கண்ணாடியையும் கொத்தும். நஞ்சு கிடையாது, காயமும் பெரிதாக ஆகாது. நாம் அதன் வயலில் நிற்கிறோம் என்பதுதான் அதற்குத் தெரியும். நகர்ந்துவிடுவதே மரியாதை.

இனப்பெருக்கம் எப்படி நடக்கிறது?

ஆணும் பெண்ணும் தனித்தனித் தோட்டம் வைத்திருக்கின்றன. ஆண் தன் எல்லைக்குள் கடினமான ஒரு பரப்பைத் துப்புரவாக்கிக் கூடாக வைத்துக்கொள்கிறது. பெண்ணை அழைக்க மேலெழும்பிச் சட்டெனக் கீழே பாயும். நிறமும் மாறும், உடலில் வெளிர் பட்டை தோன்றும். டாம்செல்களில் பல இனங்கள் விடியற்காலையில் முட்டையிடுகின்றன. பெண் தன் தோட்டத்தைக் காவலின்றி விட்டுவிட்டுத்தான் ஆணிடம் போக வேண்டும். வெகுதூரம் போனால் திரும்பும்போது பயிர் இருக்காது. குடியிருப்பாக வாழ்வதன் இன்னொரு பயன் இது: அண்டையில் ஆண் இருந்தால் போய்வரும் நேரம் குறைவு.

முட்டைகள் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எல்லாம் தந்தையின் பொறுப்பு. துடுப்பால் விசிறி நீரோட்டம் உண்டாக்கும், கெட்ட முட்டைகளை அகற்றும், திருட வருகிறவற்றைத் துரத்தும். சில டாம்செல் இனங்களில் முட்டை மிகக் குறைவாக இருந்தால் தந்தையே அவற்றைத் தின்றுவிடுவதும் உண்டு. கேட்கக் கடினமாக இருக்கும். பத்து முட்டையைக் காக்கவும் ஆயிரம் முட்டையைக் காக்கவும் செலவாகும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

குஞ்சுகள் தந்தையோடு வளருமா?

வளராது. சில நாட்களில் பொரித்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலோடு திறந்த கடலுக்குப் போய்விடும். சில வாரங்கள் மிதவை உயிர்களோடு மிதவை உயிராகக் கழியும். பிழைத்தவை ஒரு பாறைத்திட்டைத் தேடி வரும். காதுக்கல் என்ற சிறு சுண்ணக் கல் ஒவ்வொரு மீன் தலையிலும் உண்டு. டாம்செல் மீன்களில் அதில் நாளுக்கு ஒரு வளையம் ஏறுகிறது. அந்த வளையங்களை எண்ணித்தான் குஞ்சு எத்தனை நாள் கடலில் அலைந்தது என்று சொல்கிறார்கள்.

எப்படி வழி தெரிகிறது? மணமும் ஒலியும் உதவுகின்றன. உயிருள்ள பவளப்பாறை அமைதியான இடம் அன்று. இறால்களின் சொடுக்கும் மீன்களின் உறுமலும் சேர்ந்து எண்ணெய் காய்வது போன்ற ஓசை எழும். ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவருகே அந்த ஓசையைப் பதிவுசெய்து வெற்றுப் பாறைக் குவியல்களில் ஒலிக்கவிட்டபோது, ஒலியற்ற குவியல்களைவிட அங்கே அதிகக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் டாம்செல்களும் இருந்தன. இது 2005-இல் வெளியான ஆய்வு.

இந்த மீன் பவளத்துக்கு நண்பனா, பகைவனா?

ஒரு சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு என்னால் பதில் தர முடியாது. இரண்டுக்கும் சான்று இருக்கிறது.

முதலில் குற்றப்பத்திரிகை. தோட்டத்தை விரிக்கச் சில டாம்செல் இனங்கள் உயிருள்ள பவளத்தைக் கொத்திக் கொல்கின்றன. இறந்த இடத்தில் பாசி ஏறும். முன்னே சொன்ன பிளானிஃப்ரான்ஸ் இதில் பேர்போனது. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் கரீபியக் கடலின் மான்கொம்புப் பவளங்களை வெண்பட்டை நோய் அழித்தபோது, அந்த மீன்கள் குண்டுப் பவளங்களுக்குக் குடிபெயர்ந்து அவற்றையும் கொத்தத் தொடங்கின. பெருந்தடைப் பவளத்திட்டில் நடந்த ஒரு ஆய்வு, தோட்டங்களின் பாசியில் பவள நோயோடு தொடர்புடைய நுண்ணுயிர்கள் அதிகம் என்று காட்டியது.

இனி மறுபக்கம். பவளத்தைத் தின்னும் மீன்களும் முட்கிரீட நட்சத்திர மீனும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடிவதில்லை. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவில், தோட்டக்கார மீனின் எல்லைக்குள் இருந்த சில கிளைப் பவளங்கள் வெளியே இருந்தவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. அதே காவல்தான் வேறு சில பவளங்களைப் பாசிக்குள் மூழ்கடிக்கவும் செய்தது. பாசி மெத்தைக்குள் நுண்ணிய ஓட்டுடலிகளும் புழுக்களும் வாழ்கின்றன. அதுவும் ஒரு சிற்றுலகம்.

என் கருத்தைக் கேட்டால், குற்றம் மீனுடையது அன்று. களவா மீன் போன்ற வேட்டைக்காரர்களை நாம் அளவின்றிப் பிடித்துவிட்ட இடங்களில்தான் டாம்செல்களின் தொல்லை பெரிதாகிறது என்று கரீபிய ஆய்வுகள் சுட்டுகின்றன. காவலாளிக்கு அஞ்ச வேண்டிய ஒன்று இருந்தவரை அவன் தன் எல்லைக்குள் நின்றான்.

கடல் சூடாவதால் இதற்கு லாபமா?

தொடக்கத்தில் லாபம்போல் தெரியும். வெப்பத்தால் வெளுத்து இறந்த பவளம் பாசிக்கு நிலமாகிறது. ஆனால் இறந்த கிளைகள் நிற்பது சில காலம்தான். பிறகு உடைந்து சரளையாகும். ஒளியச் சந்து இல்லாத சரளையில் இந்த மீன் எப்படி வாழும்? நிலம் கிடைத்து வீடு போய்விடுகிறது.

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?

வேண்டாம். வளைத்துக்கொண்ட மூலையை விடாது. மற்ற மீன்கள் தப்பி ஓட இடமில்லாத தொட்டியில் அது கொலையில் முடியும். அதன் இயல்பைச் சிறையில் வைத்துப் பார்ப்பதில் எந்த அறிவும் கிடைப்பதில்லை.

நம் கடலில் இதன் உறவினர்களைப் பார்க்க முடியுமா?

முடியும். மண்டபம் முதல் தூத்துக்குடிவரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளில் டாம்செல் குடும்பத்து மீன்கள் வாழ்கின்றன. கண்ணில் எளிதாகப் படுவது முதுகில் மஞ்சள் பூத்து, உடலில் ஐந்து கரும்பட்டைகள் இறங்கும் அபுடெஃப்டஃப் வைகியென்சிஸ். அது தோட்டம் போடுவதில்லை. நடுநீரில் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்னும். ஆனால் முட்டை காக்கும் தந்தையாக அதுவும் அதே வீரம் காட்டும். தோட்டக்கார மீனையே பார்க்க விரும்புகிறவருக்கு மாலத்தீவின் காயல்கள் அருகில் இருக்கின்றன.

பார்க்கப் போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

மீனை விட்டுவிட்டு முதலில் நிலத்தைப் பாருங்கள். மான்கொம்புப் பவளத்தின் அடியில் சிவப்பும் பழுப்பும் கலந்த, ஒரே சீரான மெத்தை தெரிந்தால் அதன் விளிம்பைக் கண்ணால் தொடருங்கள். கோடு போட்டதுபோல் ஓரிடத்தில் முடியும். இரண்டு மீட்டர் தள்ளி, அடியைத் தொடாமல், துடுப்பை அசைக்காமல் மிதந்து காத்திருங்கள். முதலில் உங்களை நோக்கிப் பாயும். பிறகு நீங்கள் எதையும் திருட வரவில்லை என்று தெரிந்ததும் வேலைக்குத் திரும்பும். தலையைச் சாய்த்து மெத்தையை ஆராயும், ஓரிடத்தில் குனிந்து எதையோ பிடுங்கும், விளிம்புவரை நீந்தி வந்து துப்பிவிட்டுப் போகும்.

அது துப்பிய துணுக்கு நீரோட்டத்தில் உங்களைக் கடந்து மிதந்து போகும்.